பீட்ரூட் எந்தக் கிழமை

அம்மா பீட்ரூட் பொரியல் செய்தது செவ்வாய்க்கிழமையா புதன்கிழமையா என்ற இடத்திலேயே ஜெசிந்தாவின் மனசு காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தது. அவளும் நின்றுகொண்டுதான் இருந்தாள், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், தோள்பையின் வாரை ஒரு கையால் பிடித்தபடி. இந்தக் கிளினிக்கில் ரெப்புகள் உட்காரக் கூடாது. நாற்காலிகள் பேஷன்ட்டுகளுக்கும் அவர்களோடு வந்தவர்களுக்கும்தான். பாதி நாற்காலி காலியாகக் கிடந்தாலும் மருந்துக் கம்பெனி ஆட்கள் செருப்பு ஸ்டாண்டு ஓரமாகத்தான் நிற்க வேண்டும். நடுவில் ஒருமுறை டாக்டர் மணியடிப்பார். அப்போது எல்லா ரெப்புகளும் ஒன்றாக உள்ளே போய், ஆளுக்கு ஒன்றிரண்டு நிமிஷம் அவரவர் மருந்தைப் பற்றிச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நின்று நின்று கால் வலித்தது. இப்போது வலிப்பதில்லை, மரத்துப்போகிறது. இடது கால் இப்போதே போய்விட்டது. கறுப்பு ஷூவுக்குள் வேறு யாருடைய காலையோ விட்டு வைத்திருப்பது போல இருந்தது. செவ்வாய்க்கிழமை என்றால் பரவாயில்லை. புதன் என்றால் இன்னும் நல்லது. இன்று வெள்ளி. பீட்ரூட் தின்றால் ஒன்றிரண்டு நாள் கழித்துக்கூடச் சிவப்பாகப் போகும், அது படித்ததுதான், எந்த செமஸ்டரில் என்று நினைவில்லை, ஆனால் படித்ததுதான். மேலே டிவியில் சத்தமில்லாமல் ஒருத்தி வாயசைத்து எதையோ வதக்கிக்கொண்டிருந்தாள். வாட்டர் கேனுக்குள் ஒரு குமிழி அடியிலிருந்து கிளம்பி, பெரிதாகி, மேலே வந்து உடைந்தது. செவ்வாயா, புதனா.

காலையில் அப்பா தான் ஓட்டும் பஸ்ஸின் முதல் சிங்கிளுக்குக் கிளம்பிப் போன பிறகுதான் அவள் கக்கூஸுக்குப் போனாள். அவர்கள் வீட்டில் ஃப்ளஷ் சரியாக இழுக்காது, மக்கில் தண்ணீர் ஊற்றுவதுதான். அப்பா அவசரத்தில் சரியாக ஊற்றவில்லை போல. வெள்ளைப் பீங்கானில், தண்ணீர் தேங்கும் இடத்துக்கு மேலே, சிவப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தது. நூல் பிரிந்தது மாதிரி. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள் என்றும் சொல்ல முடியாது, மக்கை எடுத்து ஊற்றிவிட்டாள். ஊற்றிய பிறகுதான் ஊற்றியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. இன்னும் கொஞ்சம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பீட்ரூட் சிவப்பு வேறு, கொஞ்சம் ஊதா கலந்தது. இது ஊதாவா? ஊதா என்றுதான் இப்போது நினைவில் இருக்கிறது. ஆனால் ஸ்கூட்டியில் வரும்போது அப்படி நினைவில் இல்லை. ஸ்கூட்டியில் வரும்போது அது வெறும் சிவப்பாக இருந்தது. ஒரு மனுஷி தான் பார்த்த நிறத்தை அரை நாளில் மாற்றிக்கொள்ள முடியுமா? முடிகிறது. பிஎஸ்சி மைக்ரோபயாலஜி லேபில் அவளுடைய ஸ்லைடில் சிவப்பா ஊதாவா என்று மேடம் கேட்டால் ஒரே பார்வையில் சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டு மறுபடி ஒருமுறை குனிந்து பார்ப்பாள், பயந்த சுபாவம். அந்த மறுபடி பார்க்கிற பழக்கம் காலையில் எங்கே போயிற்று?

“என்ன ஜெசி, மூஞ்சி பேதிக்குப் போன மாதிரி இருக்கு?” என்றார் பக்கத்தில் நின்ற சம்சுதீன் அண்ணன். வேறு கம்பெனி, வாயு மாத்திரை விற்பவர், இந்த வரிசையில் எல்லோருக்கும் மூத்தவர். “பையிலதான் மூட்டையா வெச்சிருக்கியே, உங்க கம்பெனி கிருமிய ரெண்டு எடுத்து வாயில போட்டுக்க. கோடிக்கணக்குல உசுரு உள்ள எறங்கட்டும்.” அவள் சிரித்தாள். சிரிப்பு வந்த இடம் அவளுக்கே தெரியவில்லை. “உங்க மாத்திரைய நீங்க போடுறீங்களாண்ணே?” என்றாள். “நானா? எனக்கென்ன பைத்தியமா? எம் மச்சினனுக்குக் குடுப்பேன்” என்றார். ரெண்டு ரெப்புகள் சிரித்தார்கள். கவுன்டரில் இருந்த செண்பகம் அக்கா தலையைத் தூக்காமலே, “ரெப்புங்க சத்தம் போடாதீங்க, பேஷன்ட் இருக்காங்க” என்றாள். மஞ்சள் சட்டை போட்ட ஒரு குழந்தை அம்மா மடியில் பிஸ்கட்டை ஊறவைத்துத் தின்றுகொண்டு அவர்களையே பார்த்தது.

கோடிக்கணக்கில் உயிர். மாத்திரை அட்டையில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. குடலுக்கு நல்லது செய்யும் கிருமிகள். வயிற்றுப்போக்கு, வாயு, உப்புசம், ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு வரும் பேதி, எல்லாவற்றுக்கும். அவள் குடும்பத்தில் டிகிரி வாங்கிய முதல் ஆள் அவள். டிகிரி முடித்து வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் பொருள் இந்த மாத்திரை. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் சென்ட்ரலுக்கும் நடுவே தனியார் டவுன் பஸ் ஓட்டுகிறார் அப்பா அருளானந்து. வருஷக்கணக்காக வயிறு சரியில்லை. நடு ரோட்டில் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு பெட்ரோல் பங்குக்கு ஓடுவார். பாசஞ்சர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள். “டிரைவருக்கு சிக்னல் விழுந்துருச்சு, எல்லாரும் செத்த உக்காருங்க” என்று கண்டக்டர் சிங்காரம் அண்ணன் உள்ளே அறிவிப்பார். அப்பா திரும்பி வந்து ஒன்றும் நடக்காத மாதிரி கியரைப் போடுவார். பிளஸ் டூ படிக்கும்போது ஒருநாள் அவளும் அந்த பஸ்ஸில் இருந்தாள், கூடப் படிக்கும் பெண்களோடு. அன்றைக்கு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பா கண்ணாடியில் அதைப் பார்த்தாரா என்று இன்றுவரை தெரியாது. வேலைக்குச் சேர்ந்ததும், டாக்டர்களுக்குக் கொடுக்கிற சாம்பிளில் மிஞ்சியதை வீட்டுக்கு எடுத்துப் போனாள். அப்பா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “உள்ள என்னடா பாப்பா?” என்றார். “நல்ல கிருமிப்பா.” “கிருமியில நல்ல கிருமி வேற இருக்கா?” என்று சிரித்துவிட்டு, கோயில் பூசையில் நற்கருணை அப்பம் வாங்குகிற மாதிரி கையை ஏந்தி வாங்கிப் போட்டுக்கொண்டார். ரெண்டு வாரத்தில் வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது. அப்படித்தான் அவர் சொன்னார். பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சொன்னார். சிங்காரம் அண்ணனுக்கு, டைம் கீப்பருக்கு, பூக்காரிக்கு, எல்லோருக்கும் ஒவ்வொரு அட்டை வாங்கிக்கொண்டு போனார். அவர்கள் அவளுக்கு வயித்து டாக்டர் என்று பேர் வைத்தார்கள். பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் கொடுக்காமலே, “வயித்து டாக்டர் வந்துருக்காங்க, வழி விடுங்க” என்பார் சிங்காரம் அண்ணன். அப்பா கண்ணாடியில் பார்ப்பார். அது நன்றாகத்தான் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

ஆனால் அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இன்னொன்றும் போட்டிருக்கிறது, குளிர்ந்த இடத்தில் வைக்கவும் என்று. திருச்சியில் குளிர்ந்த இடம் எது? சாம்பிள் பெட்டி அவளுடைய ஸ்கூட்டி டிக்கியில் கிடக்கிறது. அக்கினி நட்சத்திரத்தில் டிக்கியைத் திறந்தால் முகத்தில் அடுப்பு அனல். நல்ல கிருமியும் கிருமிதானே, வெந்தால் செத்துப்போகும். இதை அவள் ஒருமுறை மேனேஜரிடம் கேட்டாள், பணிவாகத்தான். “சார், டிக்கி சூட்டுல இது உயிரோட இருக்குமா சார்?” அவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், “ஏம்மா, நீ விக்க வந்தியா, பிஎச்டி பண்ண வந்தியா?” என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதன்பிறகு கேட்கவில்லை. அப்படியானால் அப்பா வயிற்றை நிறுத்தியது எது? உயிருள்ளதா, செத்ததா, மாத்திரையா, மகள் கொடுத்த மாத்திரையா? அல்லது ஒன்றுமே நிற்கவில்லையா? தெரியாது. தெரியாது என்பதுதான் சரியான பதில், பரீட்சையில் அதற்கு மார்க் இல்லை. வாட்டர் கேனில் இன்னொரு குமிழி கிளம்பியது. பீட்ரூட் செவ்வாய்க்கிழமைதான். செவ்வாய்க்கிழமை கோயிலில் நவநாள் ஜெபத்துக்குப் போய்விட்டு வரும் வழியில் அம்மா காய் வாங்குவாள். அப்படியென்றால் பொரியல் புதன். புதன் அவள் லஞ்ச் பாக்ஸைத் திறந்தபோது சோறு ஓரமெல்லாம் ரோஸ் நிறமாக இருந்தது. ஆமாம், இருந்தது. சோறு சிவந்திருந்தது. அது போதும், அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நிறுத்த முடியவில்லை. ஏனென்றால் அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது, அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு வருவதற்குத்தான் பீட்ரூட். போன மாதம் இதே டாக்டர் முன்னால் நின்று, கம்பெனி கொடுத்த படப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அவள் ஒரு கேஸ் சொன்னாள். “ஐம்பது வயசுக்கு மேல ஒரு பேஷன்ட் சார், டிரைவர், ரொம்ப வருஷமா லூஸ் மோஷன், நம்ம கேப்ஸ்யூல்ல ரெண்டே வாரத்துல நல்ல ரெஸ்பான்ஸ் சார்.” அப்பா என்று சொல்லவில்லை. பேஷன்ட் என்றாள், சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. டாக்டர் பேனாவை மூடிக்கொண்டே கேட்டார், “மோஷன்ல ரத்தம் எதுவும் போகுதா அவருக்கு?” அவள் சொன்னாள், “இல்ல சார்.” கொஞ்சமும் நிற்காமல், யாரிடமும் கேட்காமல். அப்பாவிடம் போய் அப்படி எதையும் அவள் கேட்டதே இல்லை. மகள் அப்பாவிடம் கேட்கிற கேள்வியா அது? அவளுக்கு இருந்த ஒரு நிமிஷத்தில் பாதி போயிருந்தது, பின்னால் சம்சுதீன் அண்ணன் நின்றுகொண்டிருந்தார், இல்ல சார் என்றால் அடுத்த பக்கம் திருப்பலாம். திருப்பினாள். அடுத்த பக்கத்தில் ஒரு குடும்பம் பூங்காவில் சிரித்துக்கொண்டிருந்தது. டாக்டர் சரி என்று தலையாட்டினார். கேட்டவர் டாக்டர். அந்தக் கேள்விக்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை அவளே பாடத்தில் படித்திருக்கிறாள். இல்ல சார். ரெண்டே வார்த்தை. பல்லுக்குள் மாட்டிய நார் மாதிரி நாக்கு அதையே போய்ப் போய்த் தொட்டது. பயமாக இருக்கிறதா என்று பார்த்தாள். பயம் இருக்க வேண்டிய இடம் மரத்துப்போன காலைப் போல இருந்தது. அழுத்தினால் அழுத்துவது தெரிகிறது, அவ்வளவுதான்.

போன் கையில் நடுங்கியது. அம்மாதான். “ஏண்டி, வரும்போது கொத்தமல்லி ஒரு கட்டு வாங்கிட்டு வர்றியா?” வாங்கிட்டு வர்றேன் என்றாள். அதோடு போனை வைத்திருக்கலாம். “அம்மா” என்றாள். “என்னடி?” “பீட்ரூட் என்னைக்கும்மா செஞ்ச?” “புதன்கிழமை. ஏன், பாக்ஸுல கெட்டுப்போச்சா? அன்னைக்கே சொல்லக் கூடாது?” புதன். மனசு புதனில் போய் உட்கார்ந்தது. உட்கார இடம் கிடைத்த மாதிரிதான் இருந்தது. “கெடலம்மா, நல்லாருந்துச்சு. அப்பா எவ்வளவு சாப்பிட்டாரு?” “உங்கப்பாவா?” அம்மா சிரித்தாள். “அந்த மனுஷன் பீட்ரூட்ட என்னைக்குத் தொட்டாரு? கல்யாணம் ஆன நாள்லருந்து, இது காயா அல்வாவான்னு கேக்குறவரு. அவருக்கு மோர் ஊத்தி ஊறுகாய் வெச்சுக் குடுத்தேன். பீட்ரூட் உனக்குன்னு செஞ்சதுடி. உனக்குத்தான் ஒடம்புல ரத்தமே இல்ல.” அவள் ம் என்றாள். “கொத்தமல்லிய மறந்துராத, வாடிப்போனத வாங்கிராத.” ம் என்றாள். போன் அணைந்த பிறகும் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருந்தாள். அவ்வளவுதான், பீட்ரூட் முடிந்துவிட்டது. இவ்வளவு நேரம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றது, இருபத்து மூன்று வயது வரை அப்பா எந்தக் காயைத் தொடமாட்டார் என்றுகூடத் தெரியாமல். அல்லது தெரிந்திருந்ததா? தட்டு ஓரத்தில் ஒதுக்கி வைத்த சிவப்புத் துண்டுகள், அம்மா அவற்றை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொள்வது, இதெல்லாம் எங்கோ பார்த்தது போலத்தான் இருக்கிறது. தெரிந்தே விட்டிருக்கலாம். குழந்தையின் கையிலிருந்து ஊறிய பிஸ்கட் ஒடிந்து தரையில் விழுந்தது. குழந்தை அழவில்லை, கையை விரித்துப் பார்த்துக்கொண்டது.

மணி அடித்தது. செண்பகம் அக்கா, “ரெப்புங்க எல்லாம் போங்க” என்றாள். அவள் காலை எடுத்து வைத்தாள். கால் வரவில்லை, பிறகு வந்தது. உள்ளே ஏசி. இந்த மாத்திரைகள் இருக்க வேண்டிய குளிர் இதுதான் என்று ஒரு நினைப்பு வந்துவிட்டுப் போயிற்று. சம்சுதீன் அண்ணன் முதலில் போய் வாயுவைப் பற்றிச் சொன்னார். டாக்டர் சிரித்தார். அடுத்தவன் ஏதோ சொன்னான். அவள் முறை வந்ததும் வாய் தானாகத் திறந்தது. “குட் ஈவினிங் சார், குடல் நலத்துக்கு நம்ம...” குரல் நன்றாக இருந்தது. எந்த இடத்திலும் தட்டவில்லை. டாக்டர் கையைக் காட்டினார். “உங்க மருந்து எனக்குத் தெரியும்மா. ஆன்டிபயாடிக் குடுக்குறப்ப வர்ற பேதிக்கு எழுதிக்கிட்டுதான் இருக்கேன். எல்லா வயித்துக்கும் எழுதச் சொல்லாதீங்க, அவ்வளவுதான். ஆமா, அந்த டிரைவர் எப்படி இருக்காரு?” அவள் படப் புத்தகத்தைப் பிடித்திருந்தாள். பூங்காவில் குடும்பம் சிரித்துக்கொண்டிருந்தது. நல்லாருக்கார் சார் என்ற வார்த்தை வாயில் தயாராக இருந்தது, நாக்கின் மேலேயே இருந்தது. அதைச் சொல்லிவிட்டால் இவர் தலையாட்டுவார், எல்லோரும் வெளியே போகலாம், கொத்தமல்லி வாங்கலாம்.

“அது எங்கப்பா சார்” என்றாள். தன் குரல் பக்கத்து அறையிலிருந்து கேட்பது போல இருந்தது. “அன்னைக்கு ரத்தம் போகுதான்னு கேட்டீங்க. இல்லன்னு சொன்னேன். நான் அவர்கிட்ட கேக்கவே இல்ல சார். கேக்காமலே சொல்லிட்டேன். இன்னைக்குக் காலையில பாத்தேன். ரத்தம்தான்.” பின்னால் யாரோ பையைத் தோள் மாற்றும் சத்தம் கேட்டது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். திட்டுவார் என்று நினைத்தாள், திட்டினால் நன்றாக இருக்கும். அவர் திட்டவில்லை. “மூலமா இருக்கலாம். வேற எதுவாவும் இருக்கலாம். பாக்காம நானும் சொல்ல முடியாது, நீங்களும் சொல்ல முடியாது” என்றார். “இன்னைக்கே வரச் சொல்லுங்க. வெளிய டோக்கன் போட்டுக்கங்க.” பிறகு அடுத்த ரெப்பைப் பார்த்தார். அவள் புத்தகத்தை மூடி, வழக்கம்போல, “தேங்க் யூ சார்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். கதவுக்கு வெளியே, எல்லாவற்றையும் கேட்டபடி சம்சுதீன் அண்ணன் நின்றிருந்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஜோக் ஒன்றும் வரவில்லை போல. “போன் பண்ணு முதல்ல” என்றார்.

அப்பாவின் போன் வண்டி ஓடும்போது சிங்காரம் அண்ணனிடம்தான் இருக்கும். “ஆரு, வயித்து டாக்டரா?” என்றார் அவர். “சத்திரத்துல வண்டி எடுக்குற டைமுக்காக நிக்கிறோம்மா. உங்கப்பா டீ குடிக்கிறாரு. அருளு, இந்தா, பாப்பா.” இன்ஜின் சத்தம், யாரோ பூ விற்கும் குரல், பிறகு அப்பா. “என்னடா பாப்பா, டூட்டி நேரத்துல?” அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள், “பா, உனக்கு ரத்தம் போகுதா?” அப்பா எந்த ரத்தம் என்று கேட்கவில்லை. கொஞ்சம் தள்ளி நடந்தார் போல, பூக்காரக் குரல் தேய்ந்தது. “உனக்கு யாரு சொன்னது?” என்றார். “காலையில பாத்தேன்பா.” “அது சூடும்மா. நாள் பூரா இன்ஜின் பக்கத்துலயே உக்காந்து கெடக்குறோம்ல.” “எப்பருந்துப்பா?” “அது இருக்கும்... தவக்காலத்துலருந்து இருக்கும்.” தவக்காலம் என்றால் ஈஸ்டருக்கு முன்பு. அவள் டாக்டரிடம் இல்ல சார் என்று சொன்னதற்கு முன்னால். மாத்திரை கொடுக்க ஆரம்பித்ததற்குப் பின்னால். “ஏன்பா சொல்லல?” “சொன்னா என்ன நெனைப்ப? உன் மாத்திரையாலதான் வந்துச்சுன்னு பயந்துருவ. நீ வேற எல்லாத்துக்கும் பயப்படுற புள்ள. ஸ்டாண்டு பூரா எம் பொண்ணு குடுத்த மாத்திரைன்னு சொல்லி வெச்சிருக்கேன். இதச் சொன்னா அது பொய்யாப் போயிரும்லடா.” “வயிறு நின்னுச்சா பா, நெசமா?” என்று கேட்டாள். “கொஞ்சம் நின்னுச்சு” என்றார். பிறகு, “பங்குக்காரன் நல்லவன். கேக்குறப்பல்லாம் கக்கூஸ் சாவி குடுத்துருவான்.”

“தில்லைநகர் வாப்பா” என்றாள். “நான் வர்ற கிளினிக்தான். உன் பஸ் போற ரோட்டுலதான் இருக்கு.” “நடு ரோட்டுல டிரைவரு எறங்கிப் போனா பாசஞ்சர் என்னக் கட்டி வெச்சு அடிப்பாங்க.” அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. அது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். “சரி, வண்டிய மாத்து டிரைவர்கிட்ட விட்டுட்டு வர்றேன்” என்றார். “வெறும் வயிறா வரணுமா, டீ குடிச்சுட்டனே?” “பரவால்லப்பா, வா.” கவுன்டரில் போய், “ஒரு டோக்கன்க்கா. அருளானந்து” என்றாள். செண்பகம் அக்கா பேனாவை நிறுத்தி அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தாள், கழுத்துப் பட்டையையும் அதில் தொங்கிய கம்பெனி அடையாள அட்டையையும் கறுப்பு ஷூவையும். “பேஷன்ட் எங்க?” “வந்துக்கிட்டிருக்காரு.” டோக்கனைக் கிழித்துக் கொடுத்தாள்.

ரெப்புகள் ஒவ்வொருவராகப் பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். செருப்பு ஸ்டாண்டு பக்கம் காலியானது. அவள் பழக்கத்தில் அங்கே போய் நின்றாள். நின்ற பிறகு நடந்து போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். இத்தனை மாதத்தில் இந்த இடத்திலிருந்து அவள் இந்த ஹாலைப் பார்த்ததில்லை. டிவி இங்கிருந்து நேராகத் தெரிந்தது, டாக்டரின் கதவு ரொம்பத் தள்ளி இருந்தது. மஞ்சள் சட்டைக் குழந்தை பக்கத்து வரிசையிலிருந்து கையை நீட்டி அவள் அடையாள அட்டையைத் தொட்டுப் பார்த்தது. இடது காலில் எங்கோ ஒரு முள் குத்தியது. இன்னொன்று. ஷூவுக்குள் கால் திரும்பி வந்துகொண்டிருந்தது, பாதம் முழுக்க ஊசி ஊசியாக, தரையில் வைக்க முடியாமல். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காலை அசைக்காமல் வைத்திருந்தாள். வாசலில் ஒரு குடும்பம் வந்து நின்று இடம் தேடியது. அந்த அம்மாள் பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். ஜெசிந்தா தோளிலிருந்து பையை இறக்கி, அட்டை அட்டையாகச் சாம்பிள் இருந்த அந்தப் பையை, பக்கத்து நாற்காலியில் வைத்தாள்.

“ஏம்மா, ரெப்புங்க உக்காரக் கூடாதுன்னு தெரியாதா? பைய வேற வெச்சுக்கிட்டு” என்று கவுன்டரிலிருந்து செண்பகம் அக்காவின் குரல் வந்தது.

ஜெசிந்தா பையின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

“ஆள் வருதுக்கா” என்றாள்.